பஞ்சுக் குடோனுக்கு எந்த வண்டி?

பஞ்சு பேல் ஒன்று சுமார் 170 கிலோ. முன்பெல்லாம் இரண்டு மூன்று பேர் கொக்கி போட்டுப் புரட்டித்தான் அதை லாரியிலிருந்து இறக்குவார்கள். ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இப்போது ஃபோர்க்லிஃப்ட் இறக்குகிறது. புதிதாக இன்னொன்று வாங்கவிருந்தார்கள். எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன்.

அலுவலகத்தில் பேச்சு முழுக்க இரண்டரை டன்னா, மூன்று டன்னா என்பதுதான். குடோனில் ஆப்பரேட்டர் நேராக வண்டியின் தகட்டைக் காட்டினார். அதில் பொறித்திருந்த திறன், பாரத்தின் மையம் ஃபோர்க்கின் முதுகிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால்தான் செல்லும். பேலை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை மாட்டினால் அதன் எடையே சில நூறு கிலோ. பாரமும் முன்னால் தள்ளிப்போகும். உயரே தூக்கத் தூக்க வண்டி தாங்கும் அளவு இன்னும் குறையும். “மூணு டன்னுன்னு நம்பித் தூக்குனா பின்வீல் எந்திரிச்சிரும் சார்” என்றார்.

டீசல் வண்டிக்கு இங்கே இடமில்லை. சூடான புகைக்குழாயில் பஞ்சுத்தூசி படிந்தால் போதும், குடோனே போய்விடும். பேட்டரி வண்டிதான் சரி. ஆனால் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அதற்குக் காற்றோட்டமுள்ள தனி இடம், பேல்களை விட்டுத் தள்ளி வேண்டும்.

ரீச் டிரக் என்ற வகை ஃபோர்க்லிஃப்ட் என்றால் குறுகலான சந்திலும் திரும்பும், கூடுதலாக ஒரு வரிசை பேல் அடுக்கலாம். நிர்வாகத்துக்கு அந்த ஆசை இருந்தது. ஆப்பரேட்டர் குனிந்து தரையில் பெயர்ந்திருந்த கான்கிரீட் இணைப்பைத் தொட்டுக் காட்டினார். ரீச் டிரக்கின் சின்னச் சக்கரம் அதில் இறங்கினால், மேலே உயர்ந்து நிற்கும் பாரம் ஆடும். போதாக்குறைக்கு, லாரி வந்து நிற்பது சரளை முற்றத்தில்.

ஆப்பரேட்டர் தன் உடம்பைப் பற்றியும் பேசினார். பஞ்சர் ஆகாது என்று கெட்டி டயர் போடுகிறார்கள். குலுங்கல் எல்லாம் அவர் இடுப்புக்குப் போகிறது. பேல்கள் பார்வையை மறைப்பதால் பாதி நேரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கித்தான் ஓட்டுகிறார். ஸ்டீயரிங் பின்சக்கரத்தில் என்பதால் திரும்பும்போது வால்பகுதி வீசும். அருகில் கூட்டிக்கொண்டிருக்கும் பெண்கள்மேல் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். நல்ல ஸ்பிரிங் சீட்டும் பின்பக்க விளக்கும் ஹாரனும் அவர் கேட்டவை. விலைப்புள்ளியில் அவை ‘கூடுதல் வசதி’ என்ற தலைப்பில் இருந்தன. என்னைக் கேட்டால் அவைதான் முதலில் வர வேண்டியவை.

அந்தக் குடோனுக்கு ஏற்றது கிளாம்ப் பொருத்திய நான்கு சக்கர பேட்டரி வண்டி, நல்ல சீட்டோடு. உங்கள் இடத்துக்கு வேறாக இருக்கலாம். ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரை உங்கள் ஆப்பரேட்டரோடு குடோனுக்கு அனுப்புங்கள். உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் தரையிலேயே வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.