தெங்கனான்: விலை சொல்லாத ஊர்

பாலித் தீவின் தென்கரையில் மனை விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், இடம் தேடுகிறவர்கள் இப்போது கிழக்கே திரும்பியிருக்கிறார்கள். ‘மலையடிவாரம், வயல், அமைதி’ என்று தரகர்கள் அடுக்கும் பேச்சில் தெங்கனான் பெயரும் அடிபடுகிறது. பக்கத்து ஊரான சண்டிடாசாவில் பல காலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெங்கனான் எல்லைக்குள் வெளியாளுக்கு ஒரு சாண் நிலம்கூட எழுதித் தரமாட்டார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாடாங்பாய் துறைமுகத்தைத் தாண்டி, சண்டிடாசாவுக்குச் சற்று முன்னால் வடக்கே ஒரு கிளைச்சாலை பிரியும். மூன்று கிலோமீட்டர் போல ஏறினால் சாலை முடிந்துவிடும். ஊர் அங்கேதான். நிர்வாகக் கணக்கில் கராங்கசெம் மாவட்டம், மங்கிஸ் வட்டம். அரசாங்கத் தகவல் அவ்வளவு போதும்.

வாசலில் நுழைந்தால் கல் பாவிய அகலமான தெருக்கள், கடல் பக்கத்திலிருந்து மலைப் பக்கமாகப் படிப்படியாக ஏறுகின்றன. நடுவே கூரை வேய்ந்த நீண்ட பொதுமண்டபங்கள். இருபுறமும் வரிசை பிடித்த வீடுகள். எருமைகள் அவிழ்த்துவிட்டபடி திரியும். மூங்கில் கூடைகளில் ரோஸும் ஆரஞ்சுமாகச் சாயம் பூசிய சேவல்கள் கூவிக்கொண்டிருக்கும். ஊர் மக்களும் இந்துக்கள்தாம். ஆனால் ஜாவாவின் மஜபாகித் பேரரசின் செல்வாக்குக்கு முந்தைய வழக்கங்களை விடாத ‘பாலி ஆகா’ மக்கள். இங்கே இந்திரனுக்குத்தான் முதல் மரியாதை. ஆண்டுக்கொருமுறை திருவிழாவில் ஆண்கள் முள் தாழை மடலைக் கையில் கட்டிக்கொண்டு, பிரம்புக் கேடயத்தோடு மோதிக்கொள்வதும் அவனுக்காகத்தான். முதுகில் ரத்தம் கசிய விளையாடி முடித்ததும், மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

ஊருக்கு நிலம் வந்த கதையே சுவையானது. பாலியின் பழைய பெடாஹுலு அரசனின் குதிரை காணாமல் போயிற்று. தேடிப் போன இவர்களுடைய முன்னோர், அது செத்துக் கிடக்கக் கண்டார்கள். பிண நாற்றம் எட்டும் தூரம்வரை நிலம் உங்களுக்கே என்றான் அரசன். அளக்க வந்த அதிகாரி நடந்தார், நடந்தார், நாற்றம் விட்டபாடில்லை. கூடவே நடந்த ஊர்த்தலைவர் குதிரை இறைச்சித் துண்டு ஒன்றை மடியில் ஒளித்துவைத்திருந்தாராம். தந்திரத்தால் வாங்கிய பூமி இன்று சுமார் 900 ஹெக்டேர். பெரும்பகுதி மலைக்காடு, மீதியில் வயலும் குடியிருப்பும். வயல்களை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வாரத்துக்கு உழுகிறார்கள்.

இந்த ஊரை உலகம் அறிந்தது கிரிங்சிங் துணியால். நம் சுங்குடியில் நெய்து முடித்த துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பார்கள். இங்கே பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் தறியேறுமுன்பே கணக்காகக் கட்டிச் சாயமிடுகிறார்கள். இரண்டிலும் உள்ள நிறத்துண்டுகள் தறியில் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் கோலம் தெளியும். குஜராத்தின் பட்டோலா, நம் பக்கத்துப் போச்சம்பள்ளி, ஜப்பான் என்று உலகில் வெகு சில இடங்களில் மட்டுமே இந்த இரட்டைக் கட்டு நெசவு உண்டு. இந்தோனேசியாவில் தெங்கனான் ஒன்றுதான்.

வேலை நூலைக் குளிப்பாட்டுவதில் தொடங்குகிறது. கெமிரிக் கொட்டை எண்ணெயையும் மரச்சாம்பல் காரநீரையும் கலந்து, கையால் நூற்ற பருத்தி நூலை அதில் பிசைந்து ஊறவைப்பார்கள். ஒரு மாதத்துக்குக் குறையாது; பொறுமை உள்ளவர்கள் அதற்கு மேலும் விடுவார்கள். நூலுக்கு வெளிர்மஞ்சள் ஏறும், சிவப்பைப் பிடித்துக்கொள்ளும் பக்குவமும் வரும். பிறகு கட்டு. அவுரி தோய்ப்பதற்கு நூல் புக்புக் என்ற பக்கத்து ஊருக்குப் போகும். தெங்கனானுக்குள் அவுரித் தொட்டி வைப்பதில்லை. சிவப்பு வெண்நுணாவின் வேர்ப்பட்டையிலிருந்து வருகிறது. ஒரே தோய்ப்பில் அந்தக் கருஞ்சிவப்பு கிடைக்காது. தோய்த்து, உலர்த்தி, காத்திருந்து மறுபடியும் தோய்க்க வேண்டும். நீலத்தின்மேல் சிவப்பு ஏறின இடம் கறுக்கும். மூன்றே நிறம், ஆனால் நல்ல துணி ஒன்று முடிய ஆண்டுகள் ஆகும்.

நெய்வது பெண்கள். இடுப்பில் வார் கட்டிய சிறு தறி. உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். சில ஊடை ஓடியதும் கூரான எலும்புத் துண்டால் ஒவ்வோர் இழையாகத் தள்ளி, நிறத்தோடு நிறத்தைச் சேர்த்துவைப்பார்கள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றால் அரைமணி போவது தெரியாது, துணியோ ஒரு விரல்கடைகூட வளர்ந்திருக்காது. பாவு வளையமாகவே ஓடுவதால் துணி தறியிலிருந்து வெட்டுப்படாத வட்டமாக இறங்கும். நோயை அண்டவிடாது என்பது நம்பிக்கை. பல் அராவும் சடங்கு முதல் இறுதிச் சடங்குவரை இந்தத் துணி வேண்டும்.

இத்தனையும் நிலைத்ததற்குக் காரணம் ‘அவிக் அவிக்’ என்னும் ஊர்க்கட்டுப்பாடு. நிலத்தை வெளியாருக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. ஊரைக் கேட்காமல் மரம் வெட்டக்கூடாது. டுரியான், கெமிரி போன்ற சில மரங்களின் காயைச் சொந்தக்காரரும் பறிக்கக்கூடாது; தானாக விழுந்ததைத்தான் பொறுக்கலாம்.

கட்டுப்பாடு இல்லாத ஊர் எப்படிப் போகும் என்பதற்கு நான் குடியிருக்கும் சண்டிடாசாவே சாட்சி. மீனவக் குப்பமாக இருந்த ஊர். ஓட்டல்கள் எழும்பிய காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள். பாறை போனதும் அலை நேரே வந்து மணலை வாரிக்கொண்டு போயிற்று. இப்போது கடற்கரை என்ற பெயரில் கான்கிரீட் தடுப்புகள் நிற்கின்றன. எந்த மணலைக் காட்டி மனை விற்றார்களோ அந்த மணலே இல்லை.

வெளிநாட்டார் ஒன்றை அறிய வேண்டும். 1960இன் நிலச்சட்டப்படி முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்குக் குத்தகையோ, கெடுவுள்ள பயன்பாட்டு உரிமையோதான். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வது சட்டத்தின்முன் செல்லாது; நிலமும் போகும், பணமும் போகும். ஆக, தெங்கனானில் ஊர்க்கட்டுப்பாடே இல்லாவிட்டாலும் வெளிநாட்டார் கையில் பட்டா வராது. ஆனால் எல்லைக்கு வெளியே உள்ள மனைகளைத் தரகர்கள் ‘தெங்கனான் காட்சி’ என்று சொல்லியே விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

என் ஆற்றாமை வேறு. நிலத்தைக் காத்த கட்டுப்பாடு நெசவைக் காக்கவில்லை. தெரு நெடுக வீட்டு முற்றங்கள் கடைகளாகிவிட்டன. ரசாயனச் சாயத்தில் எங்கோ நெய்த நகல்களும் அங்கே ‘கிரிங்சிங்’ என்றே தொங்குகின்றன. பேருந்தில் வந்து இறங்கும் கூட்டம், மலிவானதைக் கையில் வைத்துக்கொண்டு அசலின் விலையைக் கேட்டுச் சிரிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இடுப்பு நோகும் வேலைக்கு எந்தப் பெண்பிள்ளை வருவாள்?

அதைவிடப் பெரிய ஓட்டை கடலுக்கு அப்பால் இருக்கிறது. நுணா வேரும் கைநூல் பருத்தியும் நூசா பெனிடா தீவிலிருந்து வருபவை. தெங்கனானின் அவிக் அவிக் அங்கே செல்லாது. சுற்றுலா வெள்ளம் புகுந்த அந்தத் தீவில் இன்று கரை ஓரமெல்லாம் மனை பேசுகிறார்கள். நுணாக் கொல்லையை அழித்து விடுதி கட்டினால் தெங்கனானில் சிவப்பு நின்றுபோகும். திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள், நுணாவும் பருத்தியும் விளையும் நிலத்துக்கு ஒரு பாதுகாப்பு அறிவிக்கட்டும். அசலுக்கும் நகலுக்கும் வேறு முத்திரை குத்தி, நகலை அந்தப் பெயரில் விற்பவருக்கு அபராதம் போடட்டும். இரண்டும் செய்ய முடியாதென்றால், விளம்பரப் பலகைகளிலிருந்து தெங்கனான் பெயரையாவது எடுத்துவிடட்டும்.