பெயர்களும் அதிகாரமும்

ஐரிஷ் பெயர்களைப் பற்றி ஆங்கிலேயரிடையே நெடுங்காலமாக ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கி வருகிறது. எழுதியபடி வாசிக்க முடியாதவை, கேட்டபடி எழுதவும் முடியாதவை அப்பெயர்கள் என்பார்கள். அந்நாட்டின் நாடகங்களையும் சரித்திரத்தையும் படிக்கத் தொடங்கிய காலத்தில் எனக்கும் அவை புதிராகவே தோன்றின. ஆனால், அந்தப் புதிரை அவிழ்க்க முற்பட்டபோது, அதன் முடிச்சு எழுத்திலே மாத்திரம் விழுந்ததன்று என்பது புலப்படலாயிற்று.

எஸ், ஐ, ஓ, பீ, எச், ஏ, என் என்னும் ஏழு எழுத்துக்களாலான பெண் பெயரொன்று உண்டு. ஆங்கிலம் மட்டும் பயின்றவர் அதனைச் ‘சியோபான்’ என்று வாசிப்பார். அயர்லாந்திலோ அதன் ஒலி ‘ஷிவோன்’. இது முறையற்ற எழுத்துக் கூட்டலா? இல்லை. பழைய ஐரிஷ் நெடுங்கணக்கில் உள்ளவை 18 எழுத்துக்களே. வகர ஒலிக்கென்று தனி எழுத்து அதிலே கிடையாது. ‘பீ’ என்னும் எழுத்தின் ஒலி நெகிழ்ந்து வகரமாகும்போது அதன் தலையில் ஒரு புள்ளி இடுவது முன்னைய வழக்கம். இன்று அப்புள்ளிக்குப் பதிலாக ‘எச்’ பக்கத்தில் நிற்கிறது. ‘எஸ்’ஸை அடுத்து ‘ஐ’ அல்லது ‘ஈ’ வந்தால் ‘ஷ’ என்று ஒலிக்கும். ‘ஏ’யின் மேலுள்ள சாய்ந்த கோடு நெடிலின் குறி. இவ்விதிகளை அறிந்தவனுக்கு அப்பெயர் தெளிந்த நீர்.

தமிழ் படித்த நமக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? கல், பகல், தங்கம் என்ற மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இடம் நோக்கி ஒலியை அறிகிறோம்; இதைக் குறையென்று நாம் எண்ணுவதில்லை. ஆங்கிலத்திலோ ‘ஓ, யூ, ஜீ, எச்’ என்ற நான்கு எழுத்துக்களும் சொல்லுக்குச் சொல் வேறுவேறாக ஒலிக்கின்றன. அதற்கு விதியும் இல்லை. ஆயினும் உலகெங்கும் மாணவர் அதனை மனனம் செய்கின்றனர். ஆங்கிலம் கடினமென்றால் கற்பவனின் குறை. ஐரிஷ் கடினமென்றால் மொழியின் குறை! இந்த நியாயம் எங்கிருந்து வந்தது?

அது அரசாட்சியோடு வந்தது. டப்ளினைச் சூழ்ந்த மாவட்டங்களில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் ஓர் ஊர், ஒரு நிறம், ஒரு தொழில் அல்லது ஒரு பதவியைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரைச் சூட வேண்டுமென்று 1465ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ‘கொல்லன் மகன்’ எனப் பொருள்படும் ஐரிஷ் குடிப்பெயரைத் தாங்கியோர் பலர் காலப்போக்கில் ‘ஸ்மித்’ ஆயினர். ஊர்களும் தப்பவில்லை. டப்ளினுக்கு அண்மையிலுள்ள ‘டன் லேரி’ துறைமுகம், 1821இல் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் வருகையை முன்னிட்டுக் ‘கிங்ஸ்டவுன்’ ஆயிற்று. பழைய பெயர் மீண்டது 1920இலேதான்.

இன்னொரு சம்பவம் இவற்றைவிடக் கூர்மையானது. வண்டியில் உரிமையாளரின் பெயர் தெளிவான எழுத்தில் பொறிக்கப்பட வேண்டுமென்பது அன்றைய சட்டம். டொனிகோல் பகுதி விவசாயியும் கவிஞருமான நியல் மக் கில்லா வ்ரீஜா தம் பெயரை ஐரிஷ் எழுத்தில் பொறித்திருந்தார். அது ‘தெளிவற்ற எழுத்து’ என்று அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1905இல் டப்ளின் மேல் நீதிமன்றில் அவருக்காக வாதாடியவர், பின்னர் 1916 எழுச்சியின் முடிவில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆசிரியர் பற்றிக் பியர்ஸ். வழக்குத் தோற்றது. ஊரார் வாசிக்கக் கூடிய பெயர், அதிகாரி வாசிக்க மாட்டாத காரணத்தால் குற்றமாயிற்று!

இவையெல்லாம் பழங்கதை என்று எவரும் ஆறுதலடைய வேண்டாம். நான் இலண்டனில் படித்த நாட்களில், ஒரே வீட்டில் வாடகைக்கிருந்தவர்களுள் ஓர் ஐரிஷ் தாதியும் இருந்தார். நான் மேலே சொன்னதைப் போன்ற ஒரு பெயர் அவருடையது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, நோயாளருக்கு வசதியாக இருக்குமென்று சொல்லி, மேலதிகாரி அவருக்குச் சுருக்கமான ஓர் ஆங்கிலப் பெயரைச் சூட்டிவிட்டார். “எங்கள் வாட்டிலே வாய்க்குள் நுழையாத மருந்துப் பெயர்களை எல்லோரும் பிழையின்றிச் சொல்கிறார்கள். மருந்தின் பெயரைப் பிழையாகச் சொன்னால் வேலை போய்விடும், என் பெயரைப் பிழையாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் போகாது” என்றார் அவர். அவர் கோபமாகப் பேசவில்லை. ஆனால் விஷயம் முழுவதும் அதிலே அடங்கியிருந்தது.

பழைமை எதையும் தொடக்கூடாது என்பது என் வாதமன்று. ஐரிஷ் எழுத்துக் கூட்டலிலே சுமை இருந்ததை அந்நாட்டவரே உணர்ந்தனர். 1940களில் ஒலிக்காத எழுத்துக்கள் பலவற்றைக் களைந்தனர். 1958இல் திருத்திய முறை அதிகாரபூர்வமாக வெளிவந்தது. பேசும் மக்கள் தம் தேவை கருதிச் செய்வது சீர்திருத்தம். ஆளுவோன் தன் நாவின் சோம்பலுக்காகச் செய்வது அபகரிப்பு. இரண்டிலும் எழுத்து குறைகிறது. ஆனால் கத்தி யார் கையிலிருக்கிறது என்பதே வேற்றுமை. 2021இல் அயர்லாந்துக் குடியரசு இயற்றிய சட்டத் திருத்தம், ஐரிஷ் பெயர்களை அந்த நெடிற்கோடு உட்படச் சரியாகப் பதிவு செய்வதை அரச நிறுவனங்களின் கடமையாக விதித்தது. ஒரு சிறு கோட்டிற்கும் சட்டம் வேண்டியிருந்தது!

ஆசிரியராகிய நம்மவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. வகுப்பு இடாப்பில் நமக்குப் பழக்கமில்லாத பெயரொன்று வரும்போது, அதைச் சுருக்கவும் வேண்டாம், கண்டு நகைக்கவும் வேண்டாம். அதற்குரிய பிள்ளையிடமே கேட்டுக் கற்போம். கேட்பதற்கு அரை நிமிடம் போதும். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைத் தாயொருத்தி தன் பிள்ளைக்குச் சொந்தமாகக் கொடுக்கக் கூடியது பல வேளைகளில் அந்தப் பெயர் ஒன்றே.