அம்மாவின் புது முழங்கால்

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும், பழைய மூட்டு முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுகிறார்கள் என்றே பலரும் எண்ணி அஞ்சுகின்றனர். உண்மை அத்துணைப் பயங்கரமானதன்று. தேய்ந்துபோன எலும்பு முனைகளில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவே அறுத்தெடுக்கப்படுகிறது. தொடையெலும்பின் நுனிக்குக் கோபாற்று, குரோமியம் கலந்த உலோகக் கவசம். கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு. இரண்டிற்கும் இடையே, அழிந்துபோன கசியிழையத்தின் வேலையை ஏற்கும் வன்மையான பிளாஸ்டிக் தகடு. பெரும்பாலும் எலும்புச் சீமெந்து இவற்றைப் பிடித்து நிற்கும். சொத்தைப் பல்லுக்கு உறையிடுவதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம்.

பேர்லின் நகரில் குளுக் என்ற வைத்தியர் 1890 ஆம் ஆண்டிலேயே யானைத் தந்தத்தில் கீல் செய்து முழங்காலிற் பொருத்தினார் என்பதை மாணவர்கள் அறிந்தால் வியப்பர். தொற்று அம்முயற்சியைக் கெடுத்தது. இன்றைய மூட்டுக்களுக்கு முன்னோடியானது, 1974 இல் நியூயோர்க்கில் இன்சோல் என்பவரும் அவருடைய தோழர்களும் கையாண்ட மூட்டேயாகும்.

என் தாயாருக்கு அறுபத்தெட்டு வயதில் இச்சிகிச்சை நடந்தது. அவரை வருத்திய கேள்வி கத்தியைப் பற்றியதன்று.

“தம்பி, இனி நான் நிலத்திலை இருக்கேலாதோ?”

சம்மணமிட்டு அமர்வதற்கு உறுதி தர இயலாது, கதிரையே நல்லது என வைத்தியர் ஒளிக்காமற் சொன்னார். தாயார் இரண்டு நாள் பேசவில்லை. துருவலை, பாய், கோயில் மண்டபத்துத் தரை என அவருடைய வாழ்வின் பெரும்பகுதி நிலத்தோடு ஒட்டியதன்றோ! ஆயினும் படலைவரை நடக்க முடியாதவருக்கு வேறு வழி இருக்கவில்லை. மூன்றாம் நாள் தாமாகவே சம்மதித்தார்.

மறுநாட் காலையிலேயே அவரை எழுப்பிச் சட்டத்தைப் பிடித்து நிற்கவைத்தனர். பார்க்க வந்த உறவினர் இரங்கி, முழங்காலின்கீழ்த் தலையணை வைத்தனர். இயன்மருத்துவர் அதனை உருவி எடுத்துவிட்டார். மடிந்தபடி இருந்தால் கால் முற்றாக நிமிராதாம். அன்பு எப்போதும் மருந்தாவதில்லை. காலை மடக்கும் பயிற்சியோ கண்ணீரை வரவழைப்பது. இரண்டாம் வார முடிவில் தொண்ணூறு பாகை மடிந்தது. ஆறாம் வாரத்திற் கைத்தடி ஒன்றே போதுமாயிற்று. வீக்கமும் சூடும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆனால் கெண்டைக்காலில் வலியோடு புதிய வீக்கம், மூச்சுத் திணறல், காயத்திற் கசிவு ஆகியன தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இரத்தம் உறைதலும் தொற்றும் உயிருக்கே உலை வைப்பன.

ஐவரில் ஒருவர் அளவினர் இச்சிகிச்சையால் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் குடும்பத்தார் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இளமைக் கால் திரும்பும் என்று எவரும் ஆசை காட்டலாகாது.

நூறு மூட்டுக்களில் ஏறத்தாழ எண்பத்திரண்டு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும் என்று 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றைத் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அப்ப எனக்குத் தொண்ணூற்றி மூண்டு. அதுவரைக்கும் காணும். மற்றக் காலுக்கு எப்ப நாள் எடுப்பம்?”