துணைவேந்தர் கையெழுத்து

போன மாசம் ஆபீஸ்ல ரெண்டு நாள் 'லீடர்ஷிப்' ட்ரெயினிங். ஸ்லைடு முழுக்க ஏணிப் படம்தான். இன்ஜினியர், லீட், மேனேஜர், டைரக்டர்னு ஏறிக்கிட்டே போகுது. ஏறினதுக்கப்புறம் அங்க உக்காந்து என்ன பண்றதுன்னு மட்டும் ஒரு ஸ்லைடும் இல்ல :-) அந்த ஏணியப் பாக்கப் பாக்க எனக்கு வே. வசந்தி தேவி ஞாபகம்தான் வந்துச்சு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச பதிவு, இன்னிக்கு எழுதிடறேன்.

நெல்லைக்காரங்களுக்கு அவங்க பேரு தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1990-ல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல இருந்து பிரிச்சுதான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்த ஆரம்பிச்சாங்க. அப்ப நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரின்னு மூணு மாவட்டக் கல்லூரிகளும் இதுக்குக் கீழ வந்துச்சு. தாமிரபரணி பொதிகையில பொறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் ஓடற மொத்த தூரமும் இந்த எல்லைக்குள்ளதான். அதுக்கு முன்னாடி எதுன்னாலும் மதுரை. நாகர்கோவில்ல இருந்து சுமார் 240 கிலோமீட்டர். "பொம்பளப்பிள்ளைய தனியா அவ்வளவு தூரம் எப்படி அனுப்ப?"ன்னு ஒரு கேள்வி போதும், மேல படிக்கற பேச்சே முடிஞ்சுரும்.

1992-ல இங்க துணைவேந்தரா வந்தாங்க வசந்தி தேவி. மூணு வருஷப் பதவி. ரெண்டு தடவை, 1998 வரைக்கும் இருந்தாங்க. 1949-லயே பரோடா பல்கலைக்கழகத்துக்கு ஹன்சா மேத்தா துணைவேந்தர் ஆயாச்சு. ஆனாலும் நம்ம பக்கம் அந்த நாற்காலியில ஒரு பெண்ணுங்கறது புதுசுதான்.

1938-ல திண்டுக்கல்ல பொறந்தவங்க. அம்மா வழித் தாத்தா சக்கரைச் செட்டியார், சென்னை மேயரா இருந்த தொழிற்சங்கத் தலைவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில பேராசிரியர், கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில முதல்வர்னு படிப்படியா வந்தவங்க. நடுவுல அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் போராட்டத்துலயும் முன்வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு கோரிக்கை வச்சவங்க, இந்தப் பக்கம் வந்து உக்காந்தாங்க. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.

இனி எங்க வீட்டுக் கதை. எங்க அம்மா பாளையங்கோட்டையில பி.எஸ்சி. முடிச்சது 1995-ல. டிகிரி சர்ட்டிபிகேட்ல துணைவேந்தர் கையெழுத்து இவங்களோடதுதான். எம்.எஸ்சி. படிக்கணும்னு அம்மா தாத்தாகிட்ட கேட்டப்ப, "நம்ம யுனிவர்சிட்டிக்கே ஒரு பொம்பளதான் பெரிய ஆளு, தெரியுமா?"ன்னு சொல்லிப் பாத்திருக்காங்க. தாத்தா, "அவுக வீட்ல அப்படி, நம்ம வீட்ல இப்படி"ன்னுட்டாராம். 1996-ல கல்யாணம். அந்த சர்ட்டிபிகேட் இன்னிக்கும் பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு.

ஆனா அம்மா அந்தக் கேள்விய விடல. ரெண்டு வருஷம் கழிச்சு சித்தி முறை வந்தப்ப, புகுந்த வீட்ல இருந்து வந்து உக்காந்துட்டாங்க. "எனக்குத்தான் இல்லைன்னுட்டிய. இவளுக்காவது சரின்னு சொல்லுங்க"ன்னு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருக்காங்க. இந்த தடவை மதுரைன்னு சாக்குச் சொல்ல முடியாதே! சித்தி நெல்லையிலயே எம்.எஸ்சி. படிச்சாங்க, அப்புறம் பி.எட். இப்ப அரசுப் பள்ளி ஆசிரியை.

சரி, வசந்தி தேவி கதைக்கு வருவோம். ஒரு துணைவேந்தர் ஓய்வு பெற்றா என்ன பண்ணுவாரு? இன்னொரு பல்கலைக்கழகம், ஒரு கமிட்டி, நாலு பட்டமளிப்பு விழா உரை. இவங்க போன ரூட்டே வேற. நம்ம நாகர்கோவில் சுந்தர ராமசாமியோட கல்வியப் பத்தி நீளமா உரையாடினாங்க. அது 'தமிழகத்தில் கல்வி'ன்னு புத்தகமாவே வந்துச்சு. 2002-ல இருந்து 2005 வரைக்கும் மாநில மகளிர் ஆணையத் தலைவர். அப்புறம் பள்ளிகள்ல மனித உரிமைக் கல்வி, அரசுப் பள்ளிகளக் காப்பாத்தற இயக்கம்னு இறங்கிட்டாங்க. 2016-ல 77 வயசுல ஆர்.கே. நகர்ல ஜெயலலிதாவ எதிர்த்து விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளரா நின்னாங்க. ஜெயிக்கல. மறுபடி பள்ளிக்கூடப் பிரச்சனைக்கே திரும்பிட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல காலமானாங்க.

கவனிச்சீங்கன்னா, ஏணியில உச்சிக்குப் போனவங்க கீழ்ப்படிய நோக்கி இறங்கி வந்திருக்காங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் காரணம் எளிமையானது. பல்கலைக்கழக வாசல எவ்வளவு அகலமாத் தொறந்து வச்சாலும், ஒண்ணாங்கிளாஸ்ல தடுக்கி விழுந்த பிள்ளை அங்க வரைக்கும் வந்து சேராது. மேல உக்காந்து பாத்தவங்களுக்குத்தான், கீழ எங்க ஓட்டைன்னு தெளிவாத் தெரியும் போல.

சித்தி வேலை பாக்கறது சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஊர்ல. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பெற்றோர் இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்கள் இருக்கணும். அங்க தலைவியா இருக்கற அக்கா பீடி சுத்தற தொழிலாளி, எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. போன கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, "கணக்கு டீச்சர் எப்ப வருவாங்க? தேதியச் சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்"ன்னு கேட்டிருக்காங்க. வந்திருந்த அதிகாரி தேதி சொல்ற வரைக்கும் உக்காரவே இல்லையாம்!