லாரியின் நடுக்கம்

செஞ்சியினின்றும் திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலை ஏறக்குறைய 28 கிலோமீட்டர் நீளமுடையது. நெல் மூட்டைகளைச் சுமந்து அவ்வழிச் செல்லும் லாரிகளுள் என் சிற்றப்பாவினுடையதும் ஒன்று. விடுமுறை நாட்களில் அதன் ஓட்டுநர் அருகில் அமர்ந்து யான் கற்ற பாடம் ஒன்றை மாணவ நண்பர்க்கு உரைக்க விழைகின்றேன்.

இராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே திருவண்ணாமலைச் சாலையில் மெல்லச் செல்லுங்கால் அவ்வண்டியில் குறையொன்றும் தோன்றாது. திண்டிவனச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் நடுக்கமெடுக்கும். கண்டோர் யாவரும் சக்கரங்களையே பழித்தனர். புதிய டயர்கள் வாங்கக் கடன்படவும் சிற்றப்பா துணிந்தார்.

அப்பழி காரணமற்றதன்று. சக்கரத்தின் மையத்தினின்று அரை மீட்டர் தொலைவில் ஒருபுறம் 100 கிராம் எடை மிகுந்திருப்பின், 30 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றேகால் கிலோ எடையளவு வெளிநோக்கி இழுக்கும். 60 கிலோமீட்டரிலோ ஐந்து கிலோ அளவு இழுக்கும். வேகம் இருமடங்காயின் இழுப்பு நான்மடங்காகும். மெதுவோட்டத்தில் ஒளிந்திருக்கும் குறை விரைவோட்டத்தில் வெளிப்படுவது இதனாலேயாம்.

ஆயினும் முதிய ஓட்டுநர், "தம்பி, டயர் வாங்குமுன் வண்டியையே கேட்டுப் பார்ப்போம்" என்றார். எதிரே வண்டியில்லா நேர்ச்சாலையில், வேகத்தை மாற்றாது கியரை மட்டும் ஒருபடி குறைத்தார். எஞ்சின் விரைந்து சுழன்றது. நடுக்கமோ முன்போலவே இருந்தது. ஆகவே குற்றம் எஞ்சினுடையதன்று. ஸ்டியரிங் அமைதியாயிருக்க, இருக்கையும் காலடித் தகடுமே அதிர்ந்தன. ஆகவே முன்சக்கரங்களின்மீதும் ஐயமில்லை. அவ்வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் ஐந்து முறையே சுழலும். அதன் ஆட்டத்தை எண்ணிவிடலாம். எங்கள் லாரியில் எஞ்சினின் ஆற்றலைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாப்டு அதனினும் ஏறத்தாழ ஆறு மடங்கு விரைந்து சுழல்வது. நாங்கள் உணர்ந்ததோ எண்ண இயலாத ரீங்காரம்.

வண்டியை நிறுத்திக் கீழே நோக்கினோம். முந்திய வாரம் ஒரு பட்டறையில் கிராஸ் மாற்றுதற்பொருட்டு அத்தண்டைக் கழற்றியிருந்தனர். மீண்டும் பொருத்துங்கால் அதன் இரு பகுதிகளிலும் பொறிக்கப்பட்டுள்ள அம்புக்குறிகள் ஒன்றையொன்று நோக்கவேண்டும். அவை விலகி நின்றன. சாய்ந்து நிற்கும் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாழ்ந்தும் சுழற்றும். ஒரு மூட்டின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்தல்வேண்டும். குறிகள் விலகின் அவ்வீடு கெடும். அந்நிலையில் நெடிதோடின் திருகாணிகள் தளர்ந்து, தண்டு சாலையில் வீழ்ந்து, உயிர்ச்சேதமும் நேரக்கூடும்.

தண்டைக் கழற்றிக் குறிகளை நேராக்கிப் பூட்டியதும் நடுக்கம் ஒழிந்தது. கடனும் தவிர்ந்தது.

நண்பர்காள்! ஒரு குறை தோன்றுமிடத்து எப்பொருளை மாற்றுவதென்று முதற்கண் வினவுதல் செலவிற்கே வழி. அது எப்பொழுது தோன்றுகின்றது, எங்கே உணரப்படுகின்றது, எதனோடு கூடிக் குறைகின்றது என்னும் மூன்று வினாக்களே காரணத்தைக் காட்டும். கல்லூரிக் கூடத்தில் நாம் பயிலும் ஆராய்ச்சி முறையும் இதுவேயன்றோ?