சமீபத்தில் காதில் ஓடுபவை

இந்த மாதம் முழுக்க எங்க வீட்டில் ஒரே பாட்டுதான். 1981ல் வந்த 'கீதா' கன்னடப் படத்தின் 'ஜொதெயலி'. ராஜா இசை, எஸ்.பி.பி., ஜானகி. சிபாரிசு செய்தது மாடி வீட்டு கௌடா சார். பதிலுக்கு நான் கொடுத்தது 'நூறாவது நாள்' படத்தின் 'விழியிலே'. அதே மெட்டு, அதே ஜோடி!

ஊரிலிருந்து வந்திருந்த மச்சான், "நம்ம பாட்டை இவங்க சுட்டுட்டாங்க பாத்தீங்களா?" என்றான். நூறாவது நாள் 1984ப்பா. கன்னடம்தான் மூத்தது. 2007ல் 'சீனி கம்' வழியாக அது இந்திக்கும் போனது தனிக்கதை. ராஜா தொழில் பழகியதே ஜி.கே.வெங்கடேஷிடம்; ராஜ்குமார் படங்களுக்கு அத்தனை ஹிட் கொடுத்தவர். இதில் நம்மது எது, அவங்களது எது?

ஆனா காக்ஸ் டவுனில் பாட்டைச் சத்தமாக வைப்பதற்கும் நேரம் காலம் உண்டு. இங்கே மார்க்கெட்டில் தமிழிலேயே பேரம் பேசலாம்தான். இருந்தாலும் 2016 செப்டம்பரில், காவிரிக்காகத் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்த வாரம், வீட்டில் எல்லாம் ஹெட்போனில்தான். மூன்றாம் நாள் கௌடா சார் கதவைத் தட்டினார். பால் இருக்கா, காய் இருக்கா என்று விசாரித்துவிட்டு, "என்ன சார், ரெண்டு நாளா பாட்டே காணோம்?" என்றார். அன்று சாயங்காலம் ஸ்பீக்கரைப் போட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான்.

அடுத்து 'பல்லவி அனுபல்லவி' (1983). மணிரத்னத்தின் முதல் படம், அதுவும் கன்னடம். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.