லுவார் ஆற்றங்கரையில் மூன்று மிதிவண்டிகள்

மலைமிதிவண்டி என்றவுடன் செங்குத்தான பாறைச் சரிவில் பாய்ந்திறங்கும் இளைஞர்களே பலருக்கும் நினைவுக்கு வருவர். தொலைக்காட்சி நம்மை அவ்வாறு பழக்கிவிட்டது. ஆனால் அந்த வண்டியின் தடித்த சக்கரங்களும், குலுக்கலைத் தாங்கும் முன்கவையும், மேடேறுகையில் காலின் பளுவைக் குறைக்கும் பற்சக்கரங்களும் எங்களைப் போன்ற முதியோருக்காகவே செய்யப்பட்டனவோ என்று எண்ணத் தூண்டும் நிலப்பகுதி ஒன்று பிரான்சு நாட்டில் உண்டு. லுவார் ஆற்றின் நடுப்பள்ளத்தாக்கே அது. அங்கே மலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஆற்றையொட்டி வெண்பாறைச் சரிவு, அதன்மேல் அலையலையாகப் பரந்த திராட்சைத் தோட்டங்கள், அவ்வளவுதான்.

எங்கள் மகள் குடும்பத்துடன் தூர் நகரில் வாழ்கிறாள். அனைத்துப் புனிதர் பெருவிழாவையொட்டி அக்டோபர் இறுதியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்த வேளையில், பதினான்கு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மூன்று நாள் பயணமாகப் புறப்பட்டோம். தமிழ் பேசினால் அவனுக்குப் புரியும். மறுமொழி மட்டும் பிரெஞ்சில் வரும். மேற்படிப்புக்கு அவனைத் திருச்சிக்கு அனுப்பி இரண்டாண்டு எங்களோடு தங்கவைக்க வேண்டும் என்பது மகளின் எண்ணம். மருமகனுக்கு அதில் உடன்பாடில்லை. எங்களுக்கோ, சொல்லத்தான் வேண்டும், உள்ளூர மிகுந்த ஆசை. பல மாதங்களாக அவ்வீட்டு உணவு மேசையில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. பேரன் தட்டைப் பார்த்தபடி உண்டுவிட்டு எழுந்துபோவான்.

சோமூர் வரை தொடர்வண்டியில் சென்று, அங்கே மூன்று வண்டிகளை வாடகைக்கு எடுத்தோம். எங்களுக்கு வாய்த்தவை மின்விசை துணைசெய்யும் வண்டிகள். மிதித்தால்தான் அதன் மோட்டார் உதவும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அவ்வுதவியும் நின்றுவிடும். பேரனுக்குக் காலே மோட்டார். "தாத்தா ஏமாத்துறார்" என்று அவன் சொன்னதுதான் பயணத்தின் முதல் தமிழ்ச் சொற்றொடர்.

அங்கிருந்து கிழக்கே செல்ல இரு வழிகள் உள்ளன. கீழ்வழி, 'லுவார் மிதிவண்டியில்' என்று பெயரிட்டு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட தடத்தின் ஒரு பகுதி. மேல்வழி, திராட்சைத் தோட்டங்களுக்கும் சிறு காடுகளுக்கும் இடையே செல்லும் மண்தடம். மலைமிதிவண்டித் தடங்களுக்கு அந்நாட்டில் தனி அடையாளம் இருக்கிறது: ஒரு முக்கோணம், அதனுடன் இரண்டு வட்டங்கள். பச்சை நிறமாயின் மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு வல்லவருக்கு மட்டுமே. பேரன் சிவப்பைத் தேடினான். அவன் அம்மாச்சி பச்சையைத் தேடினாள். காலையில் மேல்வழி, பிற்பகலில் கீழ்வழி என்று உடன்பாடு கண்டோம்.

மேல்வழியில் செல்கையில் விந்தையான காட்சி ஒன்றைக் கண்டோம். அறுவடை முடிந்து மஞ்சளும் சிவப்புமாய் இலை பழுத்திருந்த தோட்டங்களின் நடுவே, நிலத்திலிருந்து புகைபோக்கிகள் எழுந்து நின்றன. வீடு எதுவும் இல்லை. புகைபோக்கி மட்டும் இருந்தது. வண்டியை நிறுத்திச் சரிவின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபின்தான் புரிந்தது. காலடியில் இருந்தது யாரோ ஒருவரின் வீட்டுக் கூரை! அப்பாறையைக் குடைந்து, முகப்பில் கதவும் சன்னலும் பொருத்தி, மக்கள் பல நூற்றாண்டுகளாகக் குடியிருந்து வருகின்றனர்.

துஃபோ என்னும் அந்த வெண்சுண்ணக்கல் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். எடை குறைவு. எனவே தட்டையடிப் படகுகளில் ஏற்றி ஆற்றின் வழியே தொலைவிடங்களுக்கும் கொண்டுசென்றனர். லுவார்க் கரையில் உலகமே வியக்கும் வெண்ணிறக் கோட்டைகளில் பலவும், பேராலயங்களும், துறவற மடங்களும் இக்கல்லால் எழுந்தவை. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கின் நடுப்பகுதியை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. கல் வெட்டியெடுத்த பள்ளங்கள் வீணாகவில்லை. கல் வெட்டிய எளியோர் அவற்றில் குடியேறினர். பின்னாளில் திராட்சை இரசப் பீப்பாய்களும் காளான் பாத்திகளும் அங்கே இடம்பெற்றன. வெயிலாயினும் பனியாயினும் உள்ளே 12 பாகையளவில் ஒரே சீரான குளிர்ச்சி. பேருந்தில் வருவோர் கோட்டைகளை மட்டும் பார்த்துப் படமெடுத்துச் செல்கின்றனர். கோட்டையையும், அது வெளிவந்த குழியையும் ஒரே நாளில் காணக் கால்மிதியைத் தவிர வேறு நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

சூசே என்னும் சிற்றூரில் கீழ்வழித் தடமே பாறைக்குள் நுழைகிறது. பழங்காலத் தெரு ஒன்று நிலத்தடியில்! இருபுறமும் வாயில்களும் சன்னல்களும். எங்கள் வண்டிகளின் மணியோசை சுவரில் மோதித் திரும்பியது. பேரன் மும்முறை வெளியே வந்து மும்முறை உள்ளே சென்றான். அதைத் தாண்டி வரும் துர்கானில், அடுப்பில் உலர்த்திய ஆப்பிளை மரச்சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, நெடுநாள் கெடாமல் வைக்கிறார்கள். அதில் ஒரு பொட்டலம் வாங்கினோம். நம் ஊர் வற்றல் போடும் பழக்கத்துக்கு உறவினர் முறை!

இரண்டாம் நாள் மோன்சொரோ ஊரிலிருந்து தெற்கே ஏறி ஃபோந்தவ்ரோ மடத்தை அடைந்தோம். 1101-இல் நிறுவப்பட்ட அம்மடத்தில் ஆண் துறவியரும் பெண் துறவியரும் ஒரே மடத்தலைவியின் ஆட்சிக்கு உட்பட்டு வாழ்ந்தனர். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, அரசி எலியனோர், அவர்தம் மகன் முதலாம் ரிச்சர்டு ஆகியோரின் படுத்த நிலைச் சிலைகள் ஆலயத்தில் உள்ளன. அரசியின் கையில் ஒரு நூல் திறந்திருக்கிறது. 1804-இல் நெப்போலியன் இம்மடத்தைச் சிறைச்சாலையாக்கினார். 1963 வரை அது சிறையாகவே இருந்தது. ஒரு நண்பகலில் பார்த்து முடிக்கக்கூடிய இடமன்று. எனினும் அக்டோபர் மாதத்துப் பகல் குறுகியது. இருட்டுமுன் ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டியிருந்தது.

இறங்கிய ஊர் காந்த். வியென் ஆறு லுவாருடன் கலக்கும் இடம் அது. ஆலயத்தின் பின்னுள்ள மேட்டில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு நின்றோம். இரு ஆறுகளும் மணல்திட்டுகளைச் சுற்றி அவசரமின்றி ஒன்றாயின. வடகரையில் நெடிய வெள்ளத் தடுப்புக்கரை தெரிந்தது. அதைப் பலப்படுத்திக் காக்கும் முயற்சி, மடத்தில் சிலையாய்க் கிடக்கும் அதே ஹென்றியின் காலத்திலேயே நடந்தது. ஆயினும் 1856-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இப்பள்ளத்தாக்கின் கரைகளைப் பல இடங்களில் உடைத்தது. அமைதியான ஆறு என்று அதை நம்பிவிடலாகாது.

இவ்வூரில்தான் 397-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் தூர் நகர ஆயரான புனித மார்ட்டின் இறந்தார். பிச்சைக்காரனுக்குத் தம் மேலாடையைப் பாதியாய் வெட்டிக் கொடுத்த போர்வீரர் என்று நாம் அனைவரும் அறிந்தவர்தாம். அவர் உடல் யாருக்கு என்று அன்றே வழக்கெழுந்தது. "எங்களிடம் துறவியாய் இருந்தவர்" என்றனர் புவாத்தியே ஊரார். "எங்கள் ஆயர்" என்றனர் தூர் நகரத்தார். இரவில் புவாத்தியே ஊரார் கண்ணயர்ந்தபோது, தூர் நகரத்தார் உடலைச் சன்னல் வழியே வெளியேற்றிப் படகிலேற்றி, லுவாரில் எதிர்நீச்சலாய்க் கொண்டுபோய்விட்டனர் என்று ஆறாம் நூற்றாண்டில் கிரகோரி என்னும் ஆயர் எழுதிவைத்தார். அவரும் தூர் நகரத்து ஆயரே. ஆகவே கதையில் தம் ஊருக்குச் சற்றே சாய்ந்திருக்கவும் கூடும்.

பேரன் வாய்விட்டுச் சிரித்தான். "எங்க ஊர்க்காரங்க திருடங்க!" என்றான். மார்ட்டின் எந்த ஊரார் என்று கேட்டான். இன்றைய ஹங்கேரி நாட்டில் பிறந்தவர், இத்தாலியில் வளர்ந்தவர் என்றோம். கீழ்வழித் தடம் அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து ஹங்கேரி வழியாகக் கருங்கடல்வரை செல்லும் நெடுந்தடத்தின் பகுதி என்பதை அவன்தான் எங்களுக்குச் சொன்னான். சிறிது நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, சொற்களை ஒவ்வொன்றாய்த் தேடியெடுத்துப் பேசினான்: "செத்ததுக்கு அப்புறம் அவரைக் கேட்க முடியாது, தாத்தா. முன்னாடியே கேட்டிருக்கலாம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிரவு விடுதியில், ரொட்டியும் காளான் வதக்கலும் உண்ணும்போது, அவன் அம்மாச்சிதான் கேட்டாள்: "தம்பி, உனக்கு எங்கே படிக்க விருப்பம்? உங்கம்மாவுக்காகச் சொல்ல வேண்டாம், எங்களுக்காகவும் வேண்டாம்." அவன் உடனே விடை சொல்லவில்லை. தூரில் உள்ள நண்பர்களைப் பற்றிச் சொன்னான். திருச்சி வீட்டு மொட்டைமாடியைப் பற்றிச் சொன்னான். தமிழ் எழுத்து மறந்துபோனதால் அங்கே வகுப்பில் சிரிப்பார்களோ என்ற அச்சத்தையும் சொன்னான். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. "யோசிக்கணும். ஈஸ்டர் வரைக்கும் டைம் குடுங்க" என்றான். கொடுத்தோம். மகளிடமும் மருமகனிடமும் நாங்களே பேசி, அதுவரை அப்பேச்சை எடுப்பதில்லை என்று உறுதி வாங்கினோம்.

மறுநாள் காலை மூடுபனி ஆற்றைவிட்டு எழவே பத்துமணி ஆயிற்று. பாலத்தைக் கடந்து ஷினோன் நோக்கிச் சென்றோம். 1429-இல் இளம்பெண்ணான ஜோன் அரச வாரிசைக் காண வந்த கோட்டை அங்கே குன்றின்மீது நிற்கிறது. ஊரை அணுகும்போது முக்கோணமும் இரு வட்டமும் பொறித்த பலகை ஒன்று சிவப்பு நிறத்தில் தென்பட்டது. பேரன் எங்களைத் திரும்பிப் பார்த்தான், தலையசைத்தோம். அவன் சரிவில் ஏறி மறைந்தான். நாங்கள் கீழ்வழியாகவே மெல்ல மிதித்துச் சென்றோம். பாலத்தருகே, முழங்கால்வரை வெண்களிமண் அப்பியிருக்க, எங்களுக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தான்.